நின்று கற்கும் முறை

அத்தியாயம் 6

காணாமல் போன கணவனைத் தேடித் தரச் சொல்லி வருகிற மனைவிகள் பெரும்பாலும் அழுவார்கள். சிலர் அழாமல் இருப்பதற்காகச் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தத் தையல்காரி வந்து உட்கார்ந்ததும் நாற்காலி உறையின் பிரிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இதைக் கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல அடிச்சுத் தரேன்" என்றாள்.

"மொதல்ல உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்க. உறை எங்கயும் ஓடிப் போகாது" என்றான் தவளை.

துப்பறியும் நிலையத்தின் உதவியாளன் அவன். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வாய் மூடாதவன் என்பதால் அந்தப் பெயர். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தான். பயணிகளே கூட்டாக மனுப்போட்டு அவனை வேலையிலிருந்து விடுதலை செய்ததாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். நிலையத்தை நடத்துகிறவளுக்கு ஊரார் வைத்த பெயர் நிதானம். எதற்கும் அவசரப்பட மாட்டாள் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அது பாதி குணம், பாதி பயம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். விடையை முந்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டால் அதோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டுமே என்ற பயம்.

"எப்ப போனாரு?" என்றாள் நிதானம்.

"முந்தாநாள் சாயங்காலம். எங்க வீட்டுக்கு நேரெதிர்க் கட்டடத்துல இங்கிலீஷ் க்ளாஸ் ஒண்ணு நடக்குது. அதுக்குத்தான் போனாரு. திரும்பி வரல."

"தெருவைத் தாண்டினதும் காணாமப் போயிட்டாரா?" தவளை விசிலடித்தான். "கப்பலேறிப் போறவன்கூட கையசைச்சுட்டுப் போறான்."

"சண்டை ஏதாவது?"

"புதுசா ஒண்ணுமில்ல. சைக்கிள் கடை, அச்சகம், பால் பூத்து, கூரியர்னு எதுலயும் அவரு நிலைச்சதில்ல. எல்லாத்தையும் பாதியில விட்டுட்டு வந்துடுவாரு. தெருவுல அவருக்குப் பேரே 'பாதி'தான். ஒவ்வொரு வேலை போறப்பவும் எங்கயாவது போய் உக்காந்துக்குவாரு. பஸ் ஸ்டாண்டு, பார்க்கு, ஒரு தடவை பல் டாக்டர் வரவேற்பறை. நான்தான் தேடிப்போய், 'வாங்க, சாப்பிடலாம்'னு கூட்டிட்டு வருவேன்." அவள் சுட்டுவிரலில் ஊசி குத்திய தழும்புகளைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "இன்னிக்குச் சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். அண்ணன் வீட்டுக்கு. நான் கெளம்புறதுக்குள்ள அவரு வந்தா வரட்டும். வரலேன்னா நான் போனது போனதுதான்."

குரல் உயரவில்லை. துணியை வெட்டுவதற்கு முன் கத்தரியைத் திறந்து பிடித்திருப்பவளின் அமைதி அது.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"நீலக் கட்டம். நான் தைச்சதுதான். இந்த வெயில்ல வெறும் பனியனோட நின்னு நின்னு தோளெல்லாம் கறுத்துப் போச்சு, பாவம்."

சொன்னவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள். நிதானம் அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து குடையை எடுத்தாள்.

எதிர்க் கட்டடம் மூன்று அடுக்கு. கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் ஆங்கில வகுப்பு, இரண்டாம் மாடியில் கட்டடத்தின் சொந்தக்காரி. அதற்கும் மேலே மொட்டை மாடி. வகுப்பறைக் கதவு பூட்டியிருந்தது. வாசலில் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. இடது குதிகால் தேய்ந்து, அறுந்த வாரை யாரோ தடித்த நூலால் தைத்திருந்தார்கள்.

"தையல்காரி புருஷன் செருப்பேதான்" என்றான் தவளை. "செருப்பு இங்க இருக்கு, ஆளைக் காணோம். அப்போ வெறுங்காலோட ஓடிட்டாரு."

"நீ தெருவுல வெறுங்காலோட நாலடி நடந்து காட்டு."

தவளை சன்னல் வழியே எட்டிப் பார்த்தான். புதிதாகப் போட்ட தார் வெயிலில் பளபளத்தது. ஒரு நாய்கூட நிழல் நிழலாகப் பார்த்துத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்கு இருக்கிறதே ரெண்டு காலு."

"அவருக்கும் ரெண்டுதான். அதனால அவரு தெருவுக்கே போகல."

சாவியோடு மருந்துக்கடைக்காரர் மேலே வந்தார். அவரும் அந்த வகுப்பு மாணவர்தான். கதவைத் திறந்ததும் சாக்பீஸ் வாடை அடித்தது. கரும்பலகை அழிக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்ததைத் தவளை எழுத்துக்கூட்டிப் படித்தான். "தி மேன் அப்ஸ்டேர்ஸ். தி உமன் இன்சைட். தி ஷாப் பிலோ. தி ஹவுஸ் ஆப்போசிட்."

"மாடியில இருக்கிற ஆளு, உள்ள இருக்கிற பொம்பள, கீழ இருக்கிற கடை, எதிர்ல இருக்கிற வீடு" என்று மருந்துக்கடைக்காரர் மனப்பாடமாக ஒப்பித்தார். "நாம எடத்தைச் சொல்லிட்டுத்தான் ஆளைச் சொல்வோம். அவங்க ஆளை மொதல்ல நிறுத்திட்டு, அப்புறம் எடத்தைச் சொல்வாங்க. எங்க வாத்தியாரு இதை வாயால மட்டும் சொல்லித் தர மாட்டாரு. கால் வலிச்சாத்தான் மண்டையில ஏறும்பாரு. நின்று கற்கும் முறைன்னு பேரு. ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு ஒரு எடத்துக்கு அனுப்புவாரு. அங்க போயி, அந்த வார்த்தையைச் சொல்லிக்கிட்டே நிக்கணும். அவரு வந்து கைதட்டினாத்தான் திரும்பணும். தட்டுறதுக்கு முன்னாடி நகர்ந்தா மறுபடியும் முதல் பாடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"உங்களை எங்க அனுப்பினாரு?"

"கீழ. என் கடையிலயே போய் நின்னேன். படிப்பும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு."

"இந்த மாதிரிப் பள்ளிக்கூடம் எனக்குக் கிடைச்சிருந்தா நான் படிச்சிருப்பேன்" என்றான் தவளை. "என்னை 'அவுட்சைட்'லயே நாலு வருஷம் நிறுத்தினாங்க. வார்த்தையைத்தான் சொல்லித் தரல."

"வாத்தியாரு கைதட்டினாரா?" என்றாள் நிதானம்.

"எங்க தட்டினாரு? திடீர்னு பல்வலி. ரெண்டு கையாலயும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு 'இதோ வந்துடறேன்'னு ஓடினாரு. பல்லைப் பிடுங்கிட்டாங்களாம், மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கியிருக்காம். நாங்க கொஞ்ச நேரம் பார்த்தோம், அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டோம். அப்போலேர்ந்து க்ளாஸ் இல்ல."

"எல்லாருமே போயிட்டீங்களா?"

மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நான் கீழ இருந்தேன். மத்தவங்களை எங்கெங்க அனுப்பினாருன்னு பார்க்கல. போயிருப்பாங்க. யாராச்சும் போகாம இருப்பாங்களா, மேடம்?"

படிக்கட்டில் அவர்களை வழிமறித்தது ஒரு கைத்தடி. கட்டடத்தின் சொந்தக்காரி, முட்டிவலியோடு ஒரு படிக்கு ஒரு பெருமூச்சாக நின்றிருந்தாள்.

"துப்பறியறவங்க நீங்கதானா? நல்லவேளை. மாடியில நான் தொட்டியில வெச்சிருக்கிற தக்காளிச் செடியில எவனோ கைவெச்சுட்டான். விடியக்காலைல மூச்சுமுட்ட ஏறிப் போய்ப் பார்த்தேன். பழுத்தது ஒண்ணுகூட இல்ல."

"அம்மா, நாங்க ஆளைத் தேடி வந்திருக்கோம். தக்காளிக்குத் தனி டிபார்ட்மெண்ட்" என்றான் தவளை.

"திருடினாலும் பரவாயில்லடா. காயில கைவெக்கல. செடிக்குத் தண்ணி ஊத்தியிருக்கான். சாய்ஞ்சுகிடந்த கொடிக்குக் குச்சி நட்டுக் கட்டிவிட்டிருக்கான். களை பிடுங்கியிருக்கான்! எந்த ஊர்ல திருடன் களை பிடுங்குவான்?"

நிதானம் குடையைக் கைமாற்றினாள். "கொடியை எதால கட்டியிருந்தான்?"

சொந்தக்காரி இடுப்பில் செருகியிருந்த துணிக்கீற்றை எடுத்து நீட்டினாள். நீலக் கட்டம். ஓரத்தில் இரட்டைத் தையல் பல்வரிசை போலச் சீராக ஓடியது.

தவளையின் வாய் திறந்தபடியே நின்றது. அவன் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

திருடுகிறவன் ஓடிவிடுவான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் நாளைக்கும் இருக்கப் போகிறவன். நிதானம் படியேறினாள். வழக்கத்தைவிடச் சற்று வேகமாக ஏறுகிறோம் என்பது மேல்படியில் மூச்சு வாங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

மொட்டை மாடியின் நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி. படிக்கட்டுக் கதவிலிருந்து பார்த்தால் அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. சுற்றிக்கொண்டு போனார்கள். தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரோரம் தக்காளித் தொட்டிகள். இரண்டு குச்சிகளுக்கு நடுவே, கீழ்ப்பக்கம் கிழிக்கப்பட்ட நீலக் கட்டச் சட்டை, செடிகளுக்குப் பந்தலாக விரிந்திருந்தது. அதன் பக்கத்தில் பனியனோடு, கைகளை உடம்போடு ஒட்டி, பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்பவனைப் போல ஒரு மனிதன் நின்றிருந்தான். தோள்கள் கறுத்து உரிந்திருந்தன.

"தி மேன் அப்ஸ்டேர்ஸ்" என்றான் அவன் மரியாதையாக.

"வணக்கம்" என்றான் தவளை. "நான் தி மேன் ஆன் ட்யூட்டி. என்ன சார் இது, கொடிக்கம்பத்துக்கு ஆள் பத்தலையா?"

"நீங்க என்னைத் தேடியா வந்தீங்க?" அவன் முகம் மலர்ந்தது. "துப்பறியறவங்களா? நிஜமாவா? எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான். கீழ போகலாம் வாங்க."

"முடியாதுங்க மேடம். வாத்தியாரு இன்னும் கைதட்டல."

"வாத்தியாருக்குப் பல்லே போயிடுச்சு. மத்தவங்க எல்லாரும் அன்னிக்கே வீட்டுக்குப் போயாச்சு."

"தெரியும். மேலேர்ந்து பார்த்தேன், ஒவ்வொருத்தரா போனாங்க." குரலில் ஒரு சின்னக் கர்வம் எட்டிப் பார்த்தது. "நான் போகல."

நிதானம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தாள். மனிதர்கள் உண்மையைச் சொல்வதற்கு எதிரே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். இது அவள் அனுபவம். "ஏன் போகல?"

அவன் பெருவிரலால் சிமெண்டுத் தரையைக் கீறினான்.

"மேடம், ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா என்ன கேக்கறாங்க? 'பேங்க்ல இருக்கிற மச்சான் வந்தாச்சா? கப்பல்ல இருக்கிற தம்பி வந்தாச்சா?' எல்லாருக்கும் முன்னாடி ஒரு எடம் போகுது, ஆளு அதுக்குப் பின்னாடி போறான். என் பேருக்கு முன்னாடி போட ஒண்ணுமே இல்ல. அதனால என்னைச் சொல்றப்ப எல்லாரும் கொஞ்சம் திக்கித் திணறுவாங்க. என் பொண்டாட்டிகூட. இந்த க்ளாஸ்ல வாத்தியாரு என்னைப் பார்த்து 'தி மேன்'னாரு. மொதல்ல அதைத்தான் சொன்னாரு. எடத்தை அப்புறமா யோசிச்சுச் சேர்த்தாரு. அந்தப் பாஷையில நான்தான் மேடம் முன்னாடி வரேன். எடம் பின்னாடி வால் மாதிரி வந்து ஒட்டிக்குது."

தவளைக்கு நாக்கு நுனியில் ஒரு கிண்டல் வந்தது. நிதானம் பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கினான்.

அவளுக்குத் தன் அம்மாவின் நினைவு வந்தது. நிதானம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அம்மா அவளை உறவினர்களிடம் அறிமுகப்படுத்தும்போது வாக்கியம் சுருங்கிவிட்டது. "எக்ஸ்சேஞ்ச்ல இருக்கிற என் பொண்ணு" என்றவள், "என் பொண்ணு" என்று சொல்லி நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் ஒரு கால் தடுக்கும். இத்தனை வருடம் கழித்தும் அவள் அந்த இடத்தில் தடுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?"

"தக்காளி. ராத்திரி சட்டையைப் போத்திக்கிட்டு மோட்டார் ரூம்ல படுத்துப்பேன், வெயில் ஏறினப்புறம்தான் வெளிய வருவேன். சும்மா சாப்பிடக் கூடாதேன்னு செடியைப் பார்த்துக்கிட்டேன்."

"அப்போ கைதட்டினா வந்துடுவீங்க."

"தட்டட்டும்" என்றான் அவன், தெருவைப் பார்த்துக்கொண்டே.

நிதானம் அவன் பார்வை போன வழியே பார்த்தாள். தெருவின் மறுபக்கத்தில் தையல்காரியின் முன்னறை சன்னல். உள்ளே தையல் இயந்திரம் சன்னலுக்கு நேராகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. சாயங்கால வெயில் அந்த நாற்காலியில் உட்காருகிறவரின் கண்ணுக்குள் நேராக விழும். எந்தத் தையல்காரியும் அப்படி உட்கார மாட்டாள். வெளிச்சம் இடதுபக்கமிருந்து ஊசிமேல் விழ வேண்டும், இல்லையென்றால் நூல் கோக்கவே கண் கூசும்.

"தவளை, நீ போய் வாத்தியாரைத் தூக்கிட்டு வா. வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லு. கை இருந்தாப் போதும்."

"பல்லுப் போன மனுஷனா?"

"அவர் மறுத்துப் பேச முடியாது. உனக்கு ஏத்த ஆளு."

தையல்காரியின் வீட்டில் துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. சுவரோரம் ஒரு பெரிய பை, வயிறு முட்டத் தின்றவனைப் போல உட்கார்ந்திருந்தது. அதை வாசற்பக்கமோ சன்னல்பக்கமோ வைக்காமல், எதிர் மாடியிலிருந்து கண்ணில் படாத மூலையில் வைத்திருந்தாள்.

"கிடைச்சுட்டாரு" என்றாள் நிதானம்.

"அப்படியா?" என்றாள் தையல்காரி. குரலில் ஆச்சரியம் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"அவரு சட்டையோட வீட்டை விட்டுப் போனாரு. மேல போனப்புறம்தான் கழட்டினாரு. தோள் கறுத்தது அதுக்கும் அப்புறம். காணாமப் போனவரு தோள் எப்படிக் கறுத்துச்சுன்னு நீங்க என்கிட்ட சொன்னீங்க."

தையல்காரி இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். நூலில்லாத ஊசி எம்பி இறங்கியது.

"மொதல் நாள் சாயங்காலமே பார்த்துட்டேன்" என்றாள். "நான் இங்கேர்ந்து பார்த்தேன். அவரு அங்கேர்ந்து பார்த்தாரு. நான் கூப்பிடுவேன்னு அவரு நின்னாரு. அவரா வருவாருன்னு நான் தைச்சேன். ரெண்டு நாள்ல பதினாலு ஜாக்கெட் தைச்சிருக்கேன், ஒண்ணுகூட அளவு சரியில்ல."

"தெரிஞ்சும் எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?"

அவள் சக்கரத்தை மறுபடியும் மெதுவாகச் சுற்றினாள். நிதானம் அவசரப்படுத்தவில்லை.

"நான் போய்த் தேடினா அது பழக்கம்ங்க. பொண்டாட்டி தேடுறது ஒரு பெருமையா? வெளியாளு ஒருத்தர், அதுக்குன்னே தொழில் பண்றவங்க, குடையும் கையுமா அவரைத் தேடி அந்தப் படியேறினா..." சக்கரத்தின் மேல் அவள் கை நின்றது. "தன்னையும் தேடறாங்கன்னு அவருக்கு ஒரு தடவை தெரியட்டுமேன்னு நெனச்சேன். அதுக்கப்புறமாவது தானா எறங்கி வருவாருன்னு."

இத்தனை வருடத் தொழிலில் நிதானம் எவ்வளவோ பேரைக் கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடிப்பதற்காக இல்லாமல், தேடுவதற்காக மட்டும் யாரும் அவளை அமர்த்தியதில்லை. அந்த மனிதனின் முகம் மலர்ந்ததை நினைத்துக்கொண்டாள். அதை இவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "சந்தோஷப்பட்டாரு" என்று மட்டும் சொன்னாள். "நிஜமாவான்னு கேட்டாரு."

தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது எதிர் மாடியில் அசைவு தெரிந்தது. இருவரும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தவளை முன்னால் வர, தாடையிலிருந்து உச்சந்தலைவரை வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கட்டிய ஓர் உருவம் பின்னால் வந்தது. வாத்தியார். கீழேயிருந்து பார்க்க, பொட்டலம் கட்டிய பரங்கிக்காய் மாதிரி இருந்தார். மனிதனுக்கு முன்னால் போய் நின்று, கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரு முறை கைதட்டினார். தாடைக்குள் அது எதிரொலித்திருக்க வேண்டும், உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது.

மாடியிலிருந்தவன் நகரவில்லை.

வாத்தியார் மறுபடி தட்டினார். சத்தம் தெருவரை கேட்டது. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்தார். சொந்தக்காரி இரண்டாம் மாடி சன்னலைத் திறந்தாள். தவளை அந்த ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினான், காதருகில் தானும் தட்டினான், தரையில் குதித்துக் காட்டினான். அவன் தக்காளிச் செடியோடு செடியாக நின்றிருந்தான். கண்கள் மட்டும் இந்த வாசலில்.

நிதானத்துக்கு இப்போதுதான் முழுதும் விளங்கியது. வாத்தியாரின் கைதட்டல் அவனுக்கு என்றைக்குமே தேவைப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு வேலை போனபோதும், போய் உட்கார்ந்த இடத்திலிருந்து அவனை எழுப்பி அழைத்து வந்தது ஒரே ஒரு குரல்தான். அந்தக் குரல் வராத இடத்தில் எப்படி நகர்வது என்று அவனுக்குத் தெரியாது.

"பாத்தீங்களா?" என்றாள் தையல்காரி. கேள்வி போல இல்லை அது. "வாத்தியாரே தட்டியும் வரல. நான் கூப்பிடணும். இன்னிக்குக் கூப்பிட்டா நாளைக்கும் கூப்பிடணும். என் தொண்டை எவ்வளவு நாளுக்குத்தான் அவருக்குக் காலா இருக்கும்?"

அவள் உள்ளே போனாள். மூலையில் இருந்த பையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள், கதவைப் பூட்டினாள். மேலே பார்க்கவேயில்லை. ரயில் நிலையம் இருக்கும் திசையில் திரும்பி நடந்தாள். பை முழங்காலில் இடித்து இடித்து அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

நிதானம் மாடியைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரில் இரண்டு தலைகள்தான் இருந்தன.

படிக்கட்டில் யாரோ உருண்டு விழுவது போன்ற சத்தம். "ஐயோ என் முட்டி!" என்று சொந்தக்காரியின் குரல். அவள் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவள் வழக்கம். பனியனோடு ஒரு மனிதன் கட்டடத்திலிருந்து பாய்ந்து தெருவில் இறங்கினான். இறங்கிய வேகத்தில் எம்பினான். தார் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கால் மாற்றி ஒரு கால், சூடான வாணலியில் விழுந்த கடுகைப் போலத் துள்ளித் துள்ளி, தெருவின் முழு நீளமும் ஓடி அவள் முன்னால் போய் நின்றான். நின்றான் என்றும் சொல்ல முடியாது, குதித்துக்கொண்டிருந்தான்.

"எங்க போற?"

"அண்ணன் வீட்டுக்கு."

"சொல்லவே இல்ல."

"நீங்க கேக்கல. யாரு கூப்பிட்டாங்க உங்களை?"

"யாரும் கூப்பிடல" என்றான் அவன், மூச்சிரைக்க. சொன்ன பிறகுதான் அது அவனுக்கே காதில் விழுந்தது போல இருந்தது. "யாரும் கூப்பிடல. நானாத்தான் வந்தேன்." அவள் கையிலிருந்த பையைப் பிடித்தான். "நானும் வரேன்."

"டிக்கெட் ஒண்ணுதான் எடுத்திருக்கேன். உக்கார எடம் கிடையாது."

"பரவாயில்ல, நான் நின்னுக்கிட்டே வரேன். ரெண்டு நாளா அதைத்தானே பழகினேன்."

தையல்காரி உதட்டைக் கடித்தாள். சிரிக்கக் கூடாது என்று அவள் எடுத்துக்கொண்ட பிரயத்தனம் கழுத்து நரம்பில் தெரிந்தது. கடைசியில் அது மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. வந்ததும் அழுகையாகவும் மாறியது. அவள் பையை விட்டாள். அதன் கனத்தில் அவன் ஒரு பக்கம் சாய்ந்தான்.

"மொதல்ல அதைக் கொண்டுபோய் உள்ள வைங்க" என்றாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "காலு வெந்துடும். பையைத் தலையில வெச்சுக்கிட்டுக் குதிக்காதீங்க, உள்ள கண்ணாடி இருக்கு."

சாவியை வாங்கிக்கொண்டு அவன் வீட்டை நோக்கித் துள்ளி ஓடினான். அவள் பின்னாலேயே நடந்தாள், வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல்.

தவளை மூச்சுவாங்க வந்து நிதானத்தின் பக்கத்தில் நின்றான். "கேஸ் முடிஞ்சுதாக்கா? திருடனும் கிடைச்சான், புருஷனும் கிடைச்சான். தக்காளிதான் திரும்பக் கிடைக்காது."

"வாத்தியாரு எங்க?"

தவளை நாக்கைக் கடித்துக்கொண்டு மேலே கையைக் காட்டினான்.

மொட்டை மாடியில், வலியில் மூடிய கண்களைத் திறக்காமலே, எதிரே ஆள் இல்லாதது தெரியாமல், வாத்தியார் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.